டேட்டாபேஸ் கேள்வி–பதில்: சர்வர் எந்த ஃபைலைப் படித்தது?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே ரகம். "கான்ஃபிக் ஃபைலில் மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை" என்பது ஒன்று. "மாற்றினேன், சர்வர் எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறது" என்பது இன்னொன்று. ஆகவே பேக்கப் பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். கட்டளைகளும் ஃபைல் பெயர்களும் வழக்கம்போல் தமிழ் எழுத்தில் இருக்கின்றன. கீபோர்டில் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் ஜவுளி குடோனில் ஓர் உபுண்டு கணினியில் மைஎஸ்கியூஎல் 8 ஓடுகிறது. கடையில் உள்ள பில்லிங் கணினியிலிருந்து அதற்குக் கனெக்‌ஷன் கிடைக்கவில்லை. எட்சி ஃபோல்டருக்குள் இருக்கும் மைஎஸ்கியூஎல் ஃபோல்டரில் மை.சிஎன்எஃப் ஃபைலின் ஆரம்பத்திலேயே, மைஎஸ்கியூஎல்டி தலைப்பின் கீழ், பைண்ட் அட்ரஸ் (சர்வர் காது கொடுக்கும் முகவரி) 0.0.0.0, அதாவது எல்லா முகவரியும், என்று எழுதி ரீஸ்டார்ட் செய்தேன். பலனில்லை. தெரிந்தவர் ஒருவர் சொன்னாரே என்று அந்த ஃபோல்டரில் இருந்த எல்லா ஃபைலுக்கும் 777 பர்மிஷன் கொடுத்தேன். ரீஸ்டார்ட் செய்ததும் வேலை செய்தது! ஆனால் அன்றிலிருந்து எரர் லாக் ஃபைலில் ஒரு வரிகூட ஏறவில்லை. இரண்டுக்கும் தொடர்பு உண்டா? (ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: உண்டு. வேலை செய்தது என்று சொன்னீர்களே, அதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

முதலில், நீங்கள் எழுதிய வரி ஏன் பலிக்கவில்லை? உபுண்டுவில் மை.சிஎன்எஃப் பெயருக்குத்தான் தலைமை ஃபைல். அதைத் திறந்தால் 'இன்க்ளூட்டிர்' என்று தொடங்கும் இரண்டு வரிகள் இருக்கும். ஒன்று கான்ஃப்.டி ஃபோல்டரைக் காட்டும், மற்றொன்று மைஎஸ்கியூஎல்.கான்ஃப்.டி ஃபோல்டரைக் காட்டும். இந்த இரண்டாவது ஃபோல்டரில் மைஎஸ்கியூஎல்டி.சிஎன்எஃப் என்று ஒரு ஃபைல் இருக்கிறது. உபுண்டுக்காரர்கள் அதில் பைண்ட் அட்ரஸ் 127.0.0.1, அதாவது அதே கணினியிலிருந்து மட்டும், என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரே செட்டிங் இரண்டு இடத்தில் இருந்தால் மைஎஸ்கியூஎல் கடைசியாகப் படித்ததைத்தான் எடுத்துக்கொள்ளும். நீங்கள் மேலே 0.0.0.0 என்று எழுதினீர்கள். அது அதைப் படித்து, கீழே இறங்கி, 127.0.0.1 ஐயும் படித்தது. அந்த இரண்டு இன்க்ளூட்டிர் வரிகளுக்குக் கீழே எழுதியிருந்தால் உங்கள் வரி ஜெயித்திருக்கும்.

இப்போது 777. யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்ற பர்மிஷன் உள்ள கான்ஃபிக் ஃபைலை மைஎஸ்கியூஎல் நம்பாது. எரர் கொடுத்து நிற்கவும் செய்யாது. "இந்த ஃபைலை யாரும் திருத்தலாம் என்பதால் ஒதுக்கிவிட்டேன்" என்ற பொருளில் ஒரே ஒரு வார்னிங் போட்டுவிட்டு, ஃபைலைத் தொடாமல் போய்விடும். நீங்கள் தலைமை ஃபைலுக்கே 777 கொடுத்ததால் அதற்குள் இருந்த இன்க்ளூட்டிர் வரிகளும் போயின, அவை காட்டிய ஃபைல்களும் போயின. எதையும் படிக்காமல் எழுந்த சர்வர், தனக்குள் இருக்கும் டிஃபால்ட்டை எடுத்துக்கொண்டது. பைண்ட் அட்ரஸுக்கு மைஎஸ்கியூஎல்லின் டிஃபால்ட் நட்சத்திரக் குறி, அதாவது எல்லா நெட்வொர்க் முகவரியிலும் காது கொடுக்கும். கடைக் கணினி உள்ளே வந்தது அந்த வழியில்தான்.

எரர் லாக் ஃபைலின் பாதையும் அதே மைஎஸ்கியூஎல்டி.சிஎன்எஃப் ஃபைலில்தான் இருந்தது. அது போனதும் லாக் சிஸ்டம் ஜர்னல் பக்கம் ஓட ஆரம்பித்துவிட்டது. 'ஜர்னல்சிடிஎல் மைனஸ் யூ மைஎஸ்கியூஎல்' என்று அடித்துப் பாருங்கள். வராத வரிகள் எல்லாம் அங்கே இருக்கும், நான் சொன்ன அந்த வார்னிங்கும் இருக்கும்.

சரி, இனி செய்ய வேண்டியது. சிஎன்எஃப் என்று முடியும் ஃபைல்களுக்கு 644 (உரிமையாளர் மட்டும் எழுதலாம், மற்றவர்கள் படிக்கலாம்) கொடுங்கள். டெபியன்.சிஎன்எஃப் என்ற ஒன்றுக்கு மட்டும் 600 (உரிமையாளர் தவிர யாரும் படிக்கவும் முடியாது). அதில் பராமரிப்புப் பயனரின் பாஸ்வேர்ட் வெறும் எழுத்தில் இருக்கிறது. இத்தனை நாளும் அதை அந்தக் கணினியில் லாகின் வைத்திருக்கும் எவரும் படித்திருக்கலாம் என்பதால் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள். ஃபைலில் ஒரு தடவை, மைஎஸ்கியூஎல்லுக்கு உள்ளே ஒரு தடவை. பிறகு நீங்கள் சேர்த்த வரியை எடுத்துவிட்டு, மைஎஸ்கியூஎல்டி.சிஎன்எஃப் ஃபைலில் உள்ள பைண்ட் அட்ரஸ் வரியையே திருத்துங்கள். 0.0.0.0 வேண்டாம். குடோன் கணினியின் உள் முகவரியை, 192.168 என்று தொடங்குமே அதை, 127.0.0.1 உடன் கமா போட்டு எழுதலாம், 8.0.13 முதல் இப்படி ஒன்றுக்கு மேற்பட்ட முகவரி தர முடிகிறது. ஆனால் அந்த உள் முகவரி ரவுட்டர் இஷ்டத்துக்கு மாறக் கூடாது. மாறினால் "அந்த முகவரி என்னிடம் இல்லையே" என்று சர்வர் காலையில் எழவே எழாது. ரவுட்டரில் அதை நிலையாகக் கட்டி வையுங்கள்.

கடைசியாக, இதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஃபைலைத் திறந்து பார்த்து "சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்" என்று சொல்வதில் பயனில்லை, சர்வரிடம் கேட்க வேண்டும். மைஎஸ்கியூஎல் 8 இல் பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமாவுக்குள் வேரியபிள்ஸ் இன்ஃபோ என்று ஒரு டேபிள் இருக்கிறது. அதில் பைண்ட் அட்ரஸ் வரியை செலக்ட் செய்தால், மதிப்பு எங்கிருந்து வந்தது என்பது ஒரு நெடுவரிசையிலும், எந்த ஃபைலிலிருந்து என்ற முழுப் பாதை இன்னொரு நெடுவரிசையிலும் வரும். இப்போது உங்கள் சர்வரில் கேட்டால் 'கம்பைல்டு' என்று சொல்லும். உங்கள் ஃபைல் எதையும் படிக்கவில்லை என்று சர்வரே ஒப்புக்கொள்வதாக அர்த்தம்.

கேள்வி: கும்பகோணத்தில் அச்சகம் வைத்திருக்கிறேன். பழைய விண்டோஸ் 7 கணினி. மை.ஐஎன்ஐ ஃபைலில் ஒரே ஒரு எண்ணைத்தான் மாற்றினேன். இப்போது சர்வீஸ் 1067 என்ற எரரோடு நின்றுவிடுகிறது. பழைய எண்ணையே திரும்பப் போட்டுப் பார்த்தேன், அப்போதும் அதேதான். ஃபைலின் முதல் வரியில் என்ன மாற்றினேன், என்றைக்கு என்று தமிழில் குறிப்பு எழுதி வைத்தேன். அது தவறா?

பதில்: குறிப்பு எழுதியது நல்ல பழக்கம், விடாதீர்கள். சிக்கல் அதை நோட்பேடில் சேமித்த விதத்தில்.

ஆங்கிலம் மட்டும் இருந்தவரை நோட்பேட் ஃபைலை ஆன்சி முறையில் சேமித்தது. தமிழ் எழுத்து வந்ததும் "இப்படிச் சேமித்தால் எழுத்து போய்விடும்" என்று எச்சரித்திருக்கும், நீங்கள் யூடிஎஃப்-8 ஐத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். பழைய நோட்பேட் யூடிஎஃப்-8 இல் சேமிக்கும்போது ஃபைலின் தலையில் கண்ணுக்குத் தெரியாத 3 பைட்டுகளை ஒட்டிவிடும். அதற்கு பிஓஎம் என்று பெயர். உங்கள் கண்ணுக்கு முதல் வரி ஹாஷ் குறியில் தொடங்குகிறது. மைஎஸ்கியூஎல்லுக்கோ அந்த 3 பைட்டில் தொடங்குகிறது. ஆகவே அது குறிப்பு என்று தெரியாமல், ஏதோ செட்டிங் என்று நினைத்து, "தலைப்புக்கு முன்னாலேயே செட்டிங் வந்துவிட்டது, வரி எண் 1" என்று சொல்லி நின்றுவிடும். எண்ணைத் திரும்ப மாற்றினாலும் அந்த 3 பைட்டுகள் அங்கேயேதான் இருக்கும்.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, மைஎஸ்கியூஎல்டி என்று அடித்து, உடனே டிஃபால்ட்ஸ் ஃபைல் ஆப்ஷனில் உங்கள் மை.ஐஎன்ஐ பாதையைக் கொடுத்து, கடைசியில் கன்சோல் ஆப்ஷனையும் சேருங்கள். அந்த எரர் திரையிலேயே வரும். டிஃபால்ட்ஸ் ஃபைல்தான் முதல் ஆப்ஷனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அதை ஏற்காது. நோட்பேட்++ இல் பிஓஎம் இல்லாத யூடிஎஃப்-8 ஆகச் சேமித்தால் தமிழ்க் குறிப்பும் இருக்கும், சர்வரும் ஓடும். விண்டோஸ் 10 இன் 1903 பதிப்பிலிருந்து நோட்பேடே பிஓஎம் இல்லாமல்தான் சேமிக்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்று: உங்கள் ஃபைலில் டி டிரைவின் பேக்கப் ஃபோல்டருக்குப் போகும் பாதை பின்சாய்வுக் கோட்டில் இருக்கிறது. பின்சாய்வுக்குப் பின் 'பி' வந்தால் மைஎஸ்கியூஎல் அதை பேக்ஸ்பேஸ் என்று படிக்கும், 'என்' வந்தால் புது வரி, 'டி' வந்தால் டேப், 'எஸ்' வந்தால் இடைவெளி. விண்டோஸிலும் முன்சாய்வுக் கோடே செல்லும், அதையே போடுங்கள்.

கேள்வி: 5.7 இலிருந்து 8.0 க்கு மாறினேன். பல வருடமாகப் பார்த்துப் பார்த்துச் செதுக்கிய மை.சிஎன்எஃப் ஃபைலை அப்படியே கொண்டுபோய் வைத்தேன். சர்வர் ஏறவில்லை. 16 ஜிபி ரேம் உள்ள கணினிக்கு உங்களிடம் உள்ள ஃபைலை அனுப்ப முடியுமா? (திருநெல்வேலி)

பதில்: அனுப்ப மாட்டேன். இன்னொருவர் கணினிக்குத் தைத்த ஃபைலைப் போட்டுக்கொண்டு அவதிப்படுபவர்களின் கடிதங்களால்தான் இந்தப் பகுதியே ஓடுகிறது.

நீங்கள் இணைத்திருந்த ஃபைலைப் பார்த்தேன். குவெரி கேஷ் சைஸ், குவெரி கேஷ் டைப் என்று இரண்டு வரிகள் இருக்கின்றன. குவெரி கேஷ் என்ற வசதியையே 8.0 இல் எடுத்துவிட்டார்கள். தெரியாத செட்டிங்கைக் கண்டால் மைஎஸ்கியூஎல் தாண்டிப் போகாது, நின்றுவிடும். எஸ்கியூஎல் மோட் வரியில் உள்ள 'நோ ஆட்டோ க்ரியேட் யூசர்' என்பதும் 8.0 இல் இல்லை. மூன்றையும் எடுங்கள். 8.0.16 முதல் 'வேலிடேட் கான்ஃபிக்' என்று ஓர் ஆப்ஷன் உண்டு. சர்வரை எழுப்பாமல் ஃபைலை மட்டும் சரிபார்த்துச் சொல்லும். ரீஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் அதை ஓட்டுங்கள், பின்னால் அல்ல.

உங்கள் ஃபைலில் உள்ள மற்ற வரிகளில் முக்கால்வாசிக்குக் காரணம் உங்களுக்கே நினைவிருக்காது. என் யோசனை: வெறும் ஃபைலில் தொடங்குங்கள். இன்னோடிபி பஃபர் பூல் சைஸ் (டேட்டாவை ரேமில் வைத்துக்கொள்ளும் இடத்தின் அளவு) மட்டும் டிஃபால்ட்டில் விடக் கூடாது; அது வெறும் 128 எம்பி. உங்கள் அப்ளிகேஷனும் அதே கணினியில் ஓடுகிறது என்கிறீர்கள், 6 ஜிபி கொடுத்துப் பாருங்கள். அப்புறம் ஒவ்வொன்றாக, தேவை வந்தால் மட்டும்.

கேள்வி: சென்ற இதழில் "கடைசியாக எழுதியதே செல்லும்" என்று எழுதினீர்கள். நான் போஸ்ட்கிரெஸ்ஸில் பிஜி எச்பிஏ ஃபைலின் கடைசியில், ஒரு குறிப்பிட்ட கணினியிலிருந்து சம்பள டேட்டாபேஸுக்குள் யாரும் வரக் கூடாது என்று 'ரிஜெக்ட்' வரி சேர்த்தேன். ரீலோடும் செய்தேன். அந்தக் கணினியிலிருந்து ஜாலியாக உள்ளே வருகிறார்கள். உங்கள் விதி எங்கே போனது? (மதுரை)

பதில்: அது செட்டிங் ஃபைலுக்குச் சொன்ன விதி. பிஜி எச்பிஏ செட்டிங் ஃபைல் அல்ல, வாசலில் நிற்கும் காவலரின் பட்டியல். மேலிருந்து படித்துக்கொண்டு வருவார். வந்தவருக்குப் பொருந்தும் முதல் வரி எதுவோ அதோடு தீர்ப்பு முடிந்தது, அடுத்த வரியைப் பார்க்கவே மாட்டார். உங்கள் ஃபைலில் மேலே 192.168.1.0/24 முழுவதற்கும், எல்லா டேட்டாபேஸுக்கும், பாஸ்வேர்ட் இருந்தால் போதும் என்று ஒரு வரி இருக்கிறது. நீங்கள் தடுக்க நினைத்த கணினியான 192.168.1.50 அதிலேயே பொருந்திவிடுகிறது. உங்கள் ரிஜெக்ட் வரியை அதற்கு மேலே தூக்கி வைத்து, மறுபடி ரீலோட் செய்யுங்கள். குறுகிய விதி மேலே, அகன்ற விதி கீழே. போஸ்ட்கிரெஸ் 10 முதல் 'பிஜி எச்பிஏ ஃபைல் ரூல்ஸ்' என்ற வியூ இருக்கிறது. ஃபைலில் இப்போது என்னென்ன விதி இருக்கிறது, எந்த வரியில் பிழை என்று உள்ளேயிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

போஸ்ட்கிரெஸ்ஸின் செட்டிங் ஃபைலான போஸ்ட்கிரெஸ்கியூஎல்.கான்ஃபில் கடைசி வரி செல்லும் என்பது உண்மைதான். ஆனால் அதற்கும் பின்னால் ஒருவர் நிற்கிறார். 2014 இல் வந்த 9.4 பதிப்பிலிருந்து 'ஆல்டர் சிஸ்டம்' என்ற கட்டளை உண்டு. அதில் மாற்றியதெல்லாம் போஸ்ட்கிரெஸ்கியூஎல்.ஆட்டோ.கான்ஃப் என்ற தனி ஃபைலில் போய் உட்காரும். எல்லாவற்றுக்கும் கடைசியாக அதைத்தான் படிக்கும். யாரோ எப்போதோ ஆல்டர் சிஸ்டம் அடித்துவிட்டுப் போயிருந்தால், நீங்கள் கான்ஃப் ஃபைலில் என்ன எழுதினாலும் செல்லாது. அந்த ஃபைலைக் கையால் திருத்தாதீர்கள், முதல் வரியிலேயே அப்படித்தான் எழுதியிருக்கும். 'ஆல்டர் சிஸ்டம் ரீசெட்' கொடுத்தால் அந்த வரி போய்விடும்.

மைஎஸ்கியூஎல்லிலும் விதிவிலக்கு இருக்கிறது என்று யாராவது எழுதும் முன் நானே சொல்லிவிடுகிறேன். 'யூசர்' என்ற ஒரு செட்டிங்குக்கு மட்டும் முதலில் படித்ததே செல்லும். சர்வர் எந்தப் பயனராக ஓட வேண்டும் என்று முதல் ஃபைலில் எழுதியதைப் பின்னால் வரும் ஃபைல் மாற்றிவிடக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: மைஎஸ்கியூஎல் பழகிய கை. போஸ்ட்கிரெஸ்ஸில் டேட்டாவை ரேமில் வைத்துக்கொள்ளும் ஷேர்டு பஃபர்ஸ் அளவை '4ஜி' என்று கொடுத்தேன், ஏறவில்லை. '4096' என்று கொடுத்தேன், ஏறியது. ஆனால் வேகம் குறைந்த மாதிரி இருக்கிறது. (யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மாணவி)

பதில்: குறைந்த மாதிரி அல்ல, குறைந்தே இருக்கிறது. அலகு இல்லாமல் எண் மட்டும் கொடுத்தால் போஸ்ட்கிரெஸ் ஷேர்டு பஃபர்ஸை 8 கிலோபைட் பிளாக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். 4096 பிளாக் என்றால் 32 எம்பி. டிஃபால்ட்டே 128 எம்பி.

மைஎஸ்கியூஎல்லில் 'ஜி' என்று ஒற்றை எழுத்துப் போட வேண்டும். 'ஜிபி' என்று எழுதினால் "அந்த 'பி' என்ன?" என்று கேட்டு நின்றுவிடும். போஸ்ட்கிரெஸ் அப்படியே தலைகீழ்: ஜிபி, எம்பி என்று இரண்டு எழுத்தும் வேண்டும், பெரிய எழுத்து சின்ன எழுத்தும் பார்க்கும். எம்பி என்பதைச் சின்ன எழுத்தில் அடித்தால் ஏற்காது. கிலோபைட்டில் மட்டும் 'கே' சின்னது, 'பி' பெரியது. இரண்டு சர்வரையும் ஒரே நாளில் தொடுபவர்கள் எல்லோரும் இதில் மாட்டியிருக்கிறார்கள்.

உங்கள் கணினியில் 16 ஜிபி ரேம் என்பதால் 4ஜிபி என்று எழுதுங்கள், சரியான அளவுதான். இதற்கு ரீலோட் போதாது, ரீஸ்டார்ட் வேண்டும். ஒரு சூட்சுமம்: சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போது ரீலோட் செய்து ஃபைலில் பிழை இருந்தால், லாகில் ஒரு வரி எழுதிவிட்டுப் பழைய மதிப்போடு ஓடும். நீங்களும் எல்லாம் சரி என்று இருந்துவிடுவீர்கள். அதே பிழை அடுத்த ரீஸ்டார்ட்டில் சர்வரை எழவிடாது. மின்சாரம் போய் வரும் நேரத்தில்தான் அது தெரியவரும். ஆகவே ரீலோட் செய்த கையோடு லாகின் கடைசிச் சில வரிகளைப் பாருங்கள்.

கேள்வி: எஸ்கியூலைட்டின் கான்ஃபிக் ஃபைல் எங்கே இருக்கிறது? தேடித் தேடி அலுத்துவிட்டேன்.

பதில்: கிடையாது. அதற்குத் தனி சர்வரே இல்லை, தொடங்கும்போது படிக்க ஃபைலும் இல்லை. எல்லாம் ப்ராக்மா கட்டளைதான். மாற்றங்களை முதலில் தனி லாகில் எழுதும் 'வால்' (ரைட் அஹெட் லாக்) முறையை ஒரு தடவை கொடுத்தால் டேட்டாபேஸ் ஃபைலுக்குள்ளேயே பதிந்துவிடும். ஃபாரின் கீ சோதனையை மட்டும் ஒவ்வொரு கனெக்‌ஷனிலும் புதிதாக ஆன் செய்ய வேண்டும்.

கேள்வி: ஆரக்கிளில் எஸ்ஜிஏ டார்கெட்டைத் (அது எடுத்துக்கொள்ளும் பொது மெமரியின் அளவு) தெரியாமல் மிக அதிகமாக வைத்துவிட்டேன், ஸ்கோப் எஸ்பிஃபைல் (ஆரக்கிளின் செட்டிங் ஃபைல்) என்று. ஷட்டவுன் செய்து ஸ்டார்ட்டப் கொடுத்தால் ஓஆர்ஏ-27102, மெமரி போதவில்லை என்கிறது. திருத்தலாம் என்றால் ஆல்டர் சிஸ்டம் அடிக்க இன்ஸ்டன்ஸ் ஓட வேண்டுமாம். எஸ்பிஃபைலை விஐ எடிட்டரில் திறந்து பார்த்தேன், குப்பையாகத் தெரிகிறது. ஆனால் நடுவில் என் எண்ணும் தெரிகிறது! மாற்றிச் சேமிக்கலாமா?

பதில்: கூடாது. சேமிக்காமல் வெளியே வாருங்கள். 9ஐ பதிப்பில் வந்த அந்த எஸ்பிஃபைல் பைனரி ஃபைல். எழுத்துகள் நடுவே தெரிந்தாலும் கையால் தொட்டால் கெட்டுவிடும்.

வழி சுலபம். இன்ஸ்டன்ஸ் ஓடாதபோதும், எஸ்கியூஎல்பிளஸில் சிஸ்டிபிஏவாக (தலைமை நிர்வாகியாக) நுழைந்து 'க்ரியேட் பிஃபைல் ஃப்ரம் எஸ்பிஃபைல்' கொடுக்க முடியும். பிஃபைலுக்கு டெம்ப் ஃபோல்டரில் ஒரு பாதை கொடுங்கள். வெளியே வருவது சாதாரண டெக்ஸ்ட் ஃபைல். அதில் எண்ணைத் திருத்தி, 'ஸ்டார்ட்டப்' கட்டளையில் அந்த பிஃபைலைக் காட்டி எழுப்புங்கள். ஓடியதும் 'க்ரியேட் எஸ்பிஃபைல் ஃப்ரம் பிஃபைல்', மறுபடி ஒரு சாதாரண ரீஸ்டார்ட். இந்தக் கடைசிப் படியைப் பலர் விட்டுவிடுவார்கள். பாதை எதுவும் சொல்லாமல் எழுப்பினால் ஆரக்கிள் முதலில் எஸ்பிஃபைலைத்தான் தேடும், அது இல்லாவிட்டால்தான் இனிட் ஃபைலுக்கு (டெக்ஸ்ட் வடிவ பிஃபைல்) வரும். ஆகவே பழைய எண் அப்படியே திரும்பி வந்து நிற்கும்.

கேள்வி: ஹோம் ஃபோல்டரில் உள்ள .மை.சிஎன்எஃப் ஃபைலில் கிளையன்ட் தலைப்பின் கீழ் யூசர் பெயரும் பாஸ்வேர்டும் எழுதியிருக்கிறேன். கையால் அடித்தால் உள்ளே போகிறது, ஃபைலிலிருந்து என்றால் 'ஆக்சஸ் டினைடு'. ஃபைலை இணைத்துள்ளேன். (சேலம்)

பதில்: உங்கள் பாஸ்வேர்டின் நடுவில் ஹாஷ் குறி இருக்கிறது. இந்த ஃபைலில் வரியின் நடுவே ஹாஷ் வந்தாலும் அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் குறிப்பு என்று கணக்கு. ஆகவே பாதிப் பாஸ்வேர்ட்தான் சர்வருக்குப் போகிறது. முழுவதையும் மேற்கோள் குறிக்குள் போடுங்கள், ஃபைலுக்கு 600 பர்மிஷன் கொடுங்கள்.

அப்படிப் போடுவது புதுப் பாஸ்வேர்டாக இருக்கட்டும். பழையதை நீங்கள் எனக்கு மெயிலில் அனுப்பிவிட்டீர்கள். இந்தப் பக்கத்தை வடிவமைப்பவரும் பார்த்துவிட்டார்.